என் பேருக்குப் பக்கத்துல ஒரு சிவப்புக் கொடி

எங்க ரெண்டு குடும்பத்துக்கும் நடுவுல போர் மூண்டது ஒரு செவ்வாக்கிழமை காலைல. அப்ப நான் கடைல உக்காந்து ஒரு ஜீன்ஸ் பேண்டுக்கு ஜிப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். போரை ஆரம்பிச்சது வேற யாரும் இல்லை, நான்தான். அதுவும் யாரு மேல? சம்பந்தியம்மா மேல. பதறாதீங்க, கேம்லதான்.

கேம்தானேன்னுதான் நானும் நினைச்சேன்.

இந்த கேமை எங்க தலைல கட்டினது மாப்பிள்ளை. கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு வீட்டுக்காரங்களும் சந்திச்சா, "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கோம்." அவ்வளவுதான். அப்புறம் எல்லாரும் ஃபேனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். மாப்பிள்ளைக்கு அது தாங்கல. ஒருநாள் எல்லார் போனையும், என் டேப்லெட்டையும் வாங்கி இந்த கேமை ஏத்திக் குடுத்துட்டாரு. ஆளுக்கு ஒரு மூலைல நாலஞ்சு கிரகம். அதுல சுரங்கம் தோண்டணும், கப்பல் கட்டணும், பக்கத்து ஆளோட யாவாரம் பண்ணணும். பகல்ல நேரம் கிடைக்கறப்ப நாம செய்ய வேண்டியதைத் தட்டி வச்சிட்டா, மறுநாள் காலைல அஞ்சு பேரும் செஞ்சது ஒண்ணா நடந்து முடிஞ்சிருக்கும். அஞ்சு பேருன்னா நான், என் பொண்ணு, மாப்பிள்ளை, அவரோட அம்மா, அப்புறம் என் கொழுந்தனார். எங்க வீட்டுக்காரர் சேரலை. "எனக்கு இந்த பூமியே போதும்"னுட்டாரு.

எனக்கு மார்க்கெட் சந்துல ஒரு ஆல்டரேஷன் கடை. பேண்ட் நீளம் குறைக்கறது, ஜிப் மாத்தறது, கல்யாண சட்டை திடீர்னு வயித்துல பத்தலைன்னு ஓடி வர்றவங்களுக்கு ரெண்டு பக்கமும் பிரிச்சு விடறது. ரிட்டையர் ஆனதுல இருந்து வீட்டுக்காரர் பட்டனும் ஊக்கும் தச்சுத் தர்றாரு. நூல் டப்பா மேல டேப்லெட்டை சாய்ச்சு வச்சுக்கிட்டா, மெஷினையும் ஓட்டலாம், ஆகாயத்தையும் ஆளலாம். கிரகத்துக்கெல்லாம் கேம்காரன் வாய்ல நுழையாத பேரு வச்சிருந்தான். நானே பேரு வச்சுக்கிட்டேன். பள்ளம் பள்ளமா இருக்கறது ஓட்டைச்சட்டி. எப்பப் பாத்தாலும் புகையா இருக்கறது அடுப்படி. சம்பந்தியம்மா கிட்ட ஒண்ணு இருந்துச்சு பாருங்க, நல்லா உருண்டையா, நீலமா, என் எல்லையை ஒட்டி. அதுக்கு நீலக்குண்டுன்னு பேரு வச்சேன். அதுல ஒளிக்கல் கொட்டிக் கிடக்கும். அது இல்லாம பெரிய கப்பல் கட்ட முடியாது. என்கிட்ட துளி கூட கிடையாது. அடுத்த வீட்டு சமையல் வாசனை வர்ற மாதிரி அது தினம் என் கண்ணு முன்னாடியே சுத்தும்.

இப்ப சம்பந்தியம்மாவைப் பத்தி சொல்லணும். ரத்தப் பரிசோதனை பண்ற ஒரு லேப்ல வேலை. விடிஞ்சும் விடியாம ஐஸ் டப்பா வச்ச பையை மாட்டிக்கிட்டு வீடு வீடா போய் ரத்தம் எடுத்துட்டு வருவாங்க. வாயைத் தொறந்தா ஒரு வார்த்தை, ரொம்ப சந்தோஷமா இருந்தா ரெண்டு. என்கிட்ட ஒருநாளும் அதிகாரம் பண்ணினதில்லை. குத்திப் பேசினதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா போச்சு. ஏன்னா பொண்ணைப் பெத்தவன்னு ஒரு கூனு எனக்குத் தானா விழுந்திருந்துச்சு. அவங்க வந்தா நான் நாற்காலி நுனிலதான் உக்காருவேன். விரிசல் விடாத கப்பைத் தேடி எடுப்பேன். எது பேசினாலும் "சரிங்க சம்பந்தி". எதுனா கேக்கணும்னாலும் நேரா கேக்கற பழக்கமே இல்லை. "உங்க அத்தைக்கு ஏசி ஒத்துக்குமான்னு கேளுடி"ன்னு பொண்ணுகிட்ட சொல்லுவேன். அவங்களும் அப்படித்தான். என் ரத்தத்தை எடுத்துட்டுப் போறது அவங்க, சக்கரை எவ்வளவு இருக்குன்னு எனக்குச் சொல்றது என் பொண்ணு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அவதான் தந்திக் கம்பி.

கேம்ல முதல் நாளே நானும் சம்பந்தியம்மாவும் ஒப்பந்தம் போட்டுக்கிட்டோம். ஒருத்தரை ஒருத்தர் அடிக்கக் கூடாது, ஒருத்தர் எல்லைக்குள்ள இன்னொருத்தர் கப்பல் வந்து நிக்கலாம். மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்து விளக்கினாரு.

"அத்தை, சண்டை போடணும்னா முதல்ல ஒப்பந்தத்தை ரத்து பண்ணணும். பண்ணிட்டு கொஞ்ச நாள் காத்திருக்கணும். சொல்லாம கொள்ளாம அடிச்சீங்கன்னா தண்டனை உண்டு."

"என்ன தண்டனை? முட்டி போடணுமா?"

"உங்க பேருக்குப் பக்கத்துல சிவப்புக் கொடி விழும். யாரும் உங்களோட யாவாரம் பண்ண முடியாது. உங்க ஜனங்களே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும், சுரங்கம் பாதிதான் ஓடும். அடி வாங்கினவங்க பாத்து, சரி போகட்டும்னு ஒரு பட்டனை அமுக்கினாதான் அந்தக் கொடி போகும்."

"நான் எதுக்கு மாப்பிள்ளை சம்பந்தியை அடிக்கப் போறேன்?"ன்னு சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு.

அதெல்லாம் ஆகி நாளாச்சு. அந்தத் திங்கக்கிழமை காலைல டேபைத் தொறக்கறேன், நீலக்குண்டைச் சுத்தி நிக்கற சம்பந்தியம்மா கப்பல் ஒண்ணைக் கூட காணோம். எங்கடான்னு பாத்தா அத்தனையும் என் எல்லைக்குள்ள, அடுப்படிக்குப் பக்கத்துல வரிசையா நிக்குது. எல்லாம் பீரங்கி வச்ச பெரிய கப்பல்.

"ஏங்க, இங்க பாருங்க. சம்பந்தியம்மா படை நம்ம பக்கம் வந்து நிக்குது."

வீட்டுக்காரர் ஊசில நூல் கோத்துக்கிட்டே, "வரட்டுமே. டீ குடு"ன்னாரு.

"விளையாடாதீங்க. எதுக்கு வந்திருக்கும்?"

"அவங்களையே கேளேன்."

"சம்பந்திகிட்ட போய் எதுக்கு வந்தீங்கன்னு யாராச்சும் கேப்பாங்களா? வீட்டுக்கு வந்தாலே அப்படிக் கேக்கறதில்லை."

"அப்ப பொண்ணைக் கேளு."

"அவ ஆபீஸ்ல மீட்டிங்ல இருப்பா."

"சரி, அப்ப எதையும் கேக்காம கற்பனை பண்ணிக்கிட்டே இரு. உனக்கு அதுதானே புடிக்கும்."

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் கப்பலுங்களுக்கு முன்னாடி கூரா ஒரு மூக்கு இருக்கும். எந்தப் பக்கம் சுடப் போகுதோ அந்தப் பக்கம் மூக்கு பாக்கும். அன்னைக்கு அத்தனை கப்பலோட மூக்கும் வெளிப்பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பேங்க் வாசல்ல வாட்ச்மேன் கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு தெருவைப் பாத்து நிப்பாரு பாருங்க, அதே மாதிரி. நான் அதைப் பாத்தேன். பாத்துட்டு மனசுல வாங்கிக்கலை. நீலக்குண்டு காலியா கிடக்குன்றதை மட்டும் வாங்கிக்கிட்டேன்.

மறுநாள் ஜிப்பைப் பிரிச்சுக்கிட்டே யோசிக்கறேன். அவங்க என் எல்லைல கப்பலை நிறுத்தலாம், நான் அவங்க கிரகத்தைத் தொடக் கூடாதா? எத்தனை காலம் நாற்காலி நுனிலயே உக்காந்திருக்கறது? இதுல யாரு பொண்ணு வீடு, யாரு மாப்பிள்ளை வீடு? இப்படி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, எனக்கு நானே வக்கீல் வச்சுக்கிட்டேன். அடின்னு தட்டினேன். ஒப்பந்தம் இருக்கே, தண்டனை விழுமே, நிஜமாவான்னு கேம் கேட்டுச்சு. ஆமான்னு தட்டினேன். திரும்பவும் கேட்டுச்சு. கேம்காரனுக்கே என் மேல அவ்வளவு அக்கறை. விரல்ல தையல் சாக்பீஸ் ஒட்டியிருந்துச்சு. திரைல வெள்ளையா ஒரு ரேகை விழுந்துச்சு. அதோட ஆமான்னு அமுக்கிட்டேன்.

புதன்கிழமை காலைல நீலக்குண்டு என்னோடது. சண்டையே நடக்கலை. காலி வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி நுழைஞ்சிருக்கு என் கப்பலுங்க. அடுப்படி பக்கத்துல நின்ன சம்பந்தியம்மா படையையும் காணோம். ஒப்பந்தம் முறிஞ்சிட்டா அடுத்தவங்க எல்லைல நிக்கற கப்பலை கேமே புடிச்சு ஊருக்கு அனுப்பிடுமாம். என் பேருக்குப் பக்கத்துல சின்னதா, மிளகா நிறத்துல ஒரு கொடி.

வாட்ஸ்அப் குரூப்ல ஒரே அமளி.

"அத்தை!"ன்னு மாப்பிள்ளை.

"அண்ணி, நீங்க வீராங்கனை! இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"ன்னு கொழுந்தனார்.

"அம்மா, என்ன பண்ணி வச்சிருக்க?"ன்னு என் பொண்ணு.

அப்பவாச்சும் ஆசைப்பட்டு எடுத்துட்டேன்னு சொல்லியிருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, அதோட போயிருக்கும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? "அவங்கதான் என்னை அடிக்க என் எல்லைல படையைக் கொண்டுவந்து நிறுத்தினாங்க. நான் முந்திக்கிட்டேன். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி குனிஞ்சுக்கிட்டே இருப்பா?"

கடைசி வரி கேமுக்குள்ள இருக்கற வரி இல்லைன்னு அனுப்பின அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அழிக்கலாம்னு தேடறதுக்குள்ள மத்த நாலு பேரும் பாத்தாச்சு.

சம்பந்தியம்மா கிட்டேருந்து கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்துச்சு. "சரிங்க சம்பந்தி."

அது என் வசனங்க. காலம் பூரா நான் சொன்ன வசனத்தை அவங்க எனக்குச் சொல்லிட்டாங்க.

அடுத்த நாள் காலைல பாத்தா என் அடுப்படியும் போச்சு, ஓட்டைச்சட்டியும் போச்சு. புடிச்சது என் கொழுந்தனார். அவரோட எனக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு பேண்டைத் தூக்கிக்கிட்டு கடைக்கு வந்தாரு. அவரு லிஃப்ட் மெக்கானிக். ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் சரி பண்ணுவாரு, அவரோட அண்ணி குடியிருக்கற கட்டடத்துல மட்டும் லிஃப்ட் ஓடாது. நல்ல மனுஷர்தான், வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கும்.

"அண்ணி, இதுல ஒரு இன்ச் குறைக்கணும். கிரகத்தைக் குறைச்ச மாதிரி."

"வெக்கமா இல்லை? அண்ணி வீட்டுலயே கை வைக்கறீங்களே."

"நீங்க சம்பந்தி வீட்டுல கை வச்சீங்க, நான் அண்ணி வீட்டுல வச்சேன். குடும்பப் பழக்கம் ஆயிடுச்சு." உரக்கச் சிரிச்சாரு. வீட்டுக்காரரும் பட்டனை வாய்ல வச்சுக்கிட்டு சிரிச்சாரு. அப்புறம் கொழுந்தனார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு, ரகசியம் சொல்ற மாதிரி குனிஞ்சாரு. "இப்ப சொல்றேன் அண்ணி. போன வாரமே உங்க மேல பாயறதுக்கு கப்பலெல்லாம் கட்டி ரெடியா வச்சிருந்தேன். ஒளிச்சு வச்சிருந்தேன், உங்களுக்குத் தெரியாது. பாயலாம்னு பாத்தா அந்தம்மா வந்து உங்க வாசல்ல படையை நிறுத்திட்டாங்க. எப்படி மோப்பம் புடிச்சாங்களோ. அசையவே முடியலை. என்னடா பண்றதுன்னு நான் மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன், நீங்களே அவங்களைத் தொரத்தி விட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ் அண்ணி."

வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்திட்டாரு. வாய்ல இருந்த பட்டனை ஒவ்வொண்ணா எடுத்து டப்பால போட்டாரு. என்னைப் பாக்கலை. அவரு பாத்துத் திட்டியிருந்தா கூட தேவலை.

"பேண்டை நாளைக்கு வந்து வாங்கிக்கங்க"ன்னேன் கொழுந்தனார்கிட்ட. எதுல குறைக்கணும், எவ்வளவு குறைக்கணும், ஒண்ணும் மண்டைல ஏறலை.

அது தெரிஞ்சப்புறம் நான் செஞ்சதுதான் பெரிய அசிங்கம். மறுநாள் மத்தியானம் பொண்ணு போன் பண்ணினா. குரல்ல ஒரு மிடுக்கு.

"அம்மா, நான் கேட்டுட்டேன்மா."

"என்னடி கேட்ட? யாரை?"

"அத்தையைத்தான். எங்கம்மான்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா, எங்க வீட்டுக்காரங்க காலம் பூரா குனிஞ்சே இருக்கணுமான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன்."

எனக்கு மெஷின் பெடல்ல இருந்து கால் நழுவிடுச்சு. "அவங்க என்ன சொன்னாங்க?"

"தட்டைக் கழுவி வச்சுட்டு ரூமுக்குப் போயிட்டாங்க. அதுல இருந்து நான் பேசறதில்லை. நீ இத்தனை வருஷம் மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்க, எனக்குத் தெரியாமப் போச்சேம்மா."

அந்த மாமியாரும் மருமகளும் அப்படி ஒட்டிக்கிட்டு இருந்தவங்க. ஒரே சீப்புல தலை வாரிப்பாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருப்பாங்க. அதுல போய் நான் மண்ணை அள்ளிப் போட்டிருக்கேன். அப்பவே, "இல்லடி, நான் சொன்னது பொய், அவங்க என்னைக் காப்பாத்தத்தான் வந்தாங்க"ன்னு சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவ குரல்ல எனக்காக நின்ன பெருமை இருந்துச்சு பாருங்க, அதை இழக்க மனசு வரலை. பெத்த பொண்ணு எனக்காக முதல் தடவையா சண்டை போட்டிருக்கா. "சரி விடுடி"ன்னேன். சரி விடுடியாம்! நினைச்சா இப்பவும் காது சுடுது.

ஞாயித்துக்கிழமை என் ரத்தம் எடுக்கற நாள். அதை எப்பவும் சம்பந்தியம்மாதான் எடுப்பாங்க. என் நரம்பு ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்கும். லேப்ல வேற யாராச்சும் எடுத்தா இங்க குத்தி, அங்க குத்தி, கையே சல்லடை ஆயிடும். அவங்க மட்டும் கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பாத்து, ஒரே குத்துல எடுத்துடுவாங்க.

வர மாட்டாங்கன்னுதான் நினைச்சேன். வரக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன். சொன்ன நேரத்துக்கு மாடிப்படில செருப்புச் சத்தம் கேட்டுச்சு. நாலு மாடி. லிஃப்ட் இல்லை. நடுவுல ஒரு தடவை நின்னு மூச்சு வாங்கிட்டு ஏறினது கூட எனக்குக் கேட்டுச்சு.

வீட்டுக்காரர் பையைத் தூக்கினாரு. "நான் பால் வாங்கிட்டு வந்துடறேன்."

"ஃப்ரிட்ஜ்ல ரெண்டு பாக்கெட் இருக்கே."

"மூணாவது வாங்கிட்டு வர்றேன்." வாசல்ல அவங்களைப் பாத்து, "வாங்க வாங்க"ன்னு ஒரு கும்புடு போட்டுட்டு மாயமா மறைஞ்சிட்டாரு.

சம்பந்தியம்மா உள்ள வந்து பையை மேஜை மேல வச்சாங்க. "சாப்பிடலையே?"

"இல்லைங்க. வெறும் வயிறுதான்."

"உக்காருங்க."

உக்காந்தேன், நாற்காலி நுனில. கையை நீட்டினேன். ரப்பர் பட்டையை மேல் கைல இறுக்கிக் கட்டினாங்க. "கையை மூடிக்கங்க." ஐஸ் டப்பாவைத் தொட்டுத் தொட்டு அவங்க விரல் ஜில்லுன்னு இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு நரம்பைத் தேடினாங்க. நான் அவங்க மூஞ்சியை அவ்வளவு கிட்டத்துல அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லை. கண்ணுக்குக் கீழ கறுத்துக் கிடந்துச்சு. பேசாத வீட்டுல இருக்கறவங்க மூஞ்சி.

ஊசி இறங்குச்சு. குழாய்ல ரத்தம் ஏறுது. எழுந்து ஓட முடியாதுன்ற தைரியத்துலயோ என்னவோ, எனக்கு வாய் தொறந்துச்சு.

"சம்பந்தி, அந்தக் கப்பலுங்க..."

"அசையாதீங்க."

"இல்லைங்க, நான் வந்து..."

"ஊசி உள்ள இருக்கு. வெளிய எடுத்ததும் பேசுங்க."

எடுத்தாங்க. பஞ்சை வச்சாங்க. "அழுத்திப் புடிங்க." பேனாவை எடுத்து குழாய்ல ஒட்டின சீட்டுல என் பேரை எழுத ஆரம்பிச்சாங்க.

"எங்க கொழுந்தனார் எல்லாம் சொன்னாருங்க. நீங்க எனக்குக் காவலுக்குத்தான் வந்தீங்கன்னு."

"ம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க, இந்த மாதிரி அவர் அடிக்க வர்றாருன்னு."

பேனா நிக்கலை. "நீலக்குண்டுல, அதான் நீங்க அப்படித்தானே பேரு வச்சிருக்கீங்க, அதுல தூரத்தைப் பாக்கற கோபுரம் இருக்கு. அவர் கப்பல் கட்டறது அதுல தெரிஞ்சுச்சு. ஆனா அவர் உங்க வீட்டு மனுஷர். உங்க வீட்டு ஆளே உங்களை அடிக்க வர்றாருன்னு நான் எப்படிங்க சொல்றது? கோள் சொன்ன மாதிரி ஆயிடாதா? அதுவும் சம்பந்தி வாய்ல இருந்து வந்தா." எழுதிக்கிட்டே, "பேசாம படையை அனுப்பிட்டா அவரே பாத்துட்டு விட்டுடுவாரு, உங்களுக்குத் தெரியாமலே போயிடும்னு நினைச்சேன்"னாங்க.

அவங்க இவ்வளவு நீளமா பேசி நான் கேட்டதில்லை.

"உங்களுக்கு அது புரிஞ்சிருக்காதுன்னு தெரியும்"னு அவங்களே சொன்னாங்க. "படையைப் பாத்தா யாருக்கும் பயம் வரும். பயத்துல பண்ணிட்டாங்கன்னு விட்டுட்டேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆமாங்க, பயந்துட்டேங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அவங்களே கதவைத் தொறந்து வச்சுட்டாங்க. ஆனா கண்ணுக்குக் கீழ அந்தக் கறுப்பு.

"பயம் இல்லைங்க. கப்பல் மூக்கெல்லாம் வெளிய பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன்."

இப்ப பேனா நின்னுச்சு. என் பேரு பாதில நிக்குது.

"பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

அந்தக் குழாயைப் பாத்துக்கிட்டே, "பாக்கலைன்னு நினைச்சு மனசை ஆத்திக்கிட்டு இருந்தேன்"னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. மீதிப் பேரை எழுதி முடிச்சு குழாயை ஐஸ் டப்பாக்குள்ள வச்சாங்க.

நான் பஞ்சை அழுத்திக்கிட்டே, "பொண்ணு உங்களோட பேசறதில்லையாமே"ன்னேன்.

"அவளுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. பாவம், களைச்சு வர்றா."

பாருங்க. இப்பவும் அதேதான். என் வீட்டு ஆளைப் பத்தி என்கிட்ட ஒரு சொல்லு சொல்ல மாட்டேங்கறாங்க. போனை எடுத்தேன். ஒரு கை மடக்கியிருக்கு, இன்னொரு கையால பஞ்சை விட்டுட்டு பொண்ணு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி மேஜை மேல வச்சேன். பஞ்சு கீழ விழுந்துச்சு. சம்பந்தியம்மா வேற பஞ்சை எடுத்து அவங்களே அழுத்திப் புடிச்சாங்க.

"சொல்லும்மா"ன்னு பொண்ணு.

"உங்க அத்தை இங்க இருக்காங்க. ஸ்பீக்கர்ல பேசறேன். நடுவுல பேசாம கேளு. நான் குரூப்ல எழுதினது பொய். உங்க அத்தை என்னை அடிக்க வரலை. உன் சித்தப்பாகிட்டேருந்து என்னைக் காப்பாத்த வந்தாங்க. அடிக்க வரலைன்னு கப்பலைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் அவங்க கிரகத்தை எடுத்தேன். குனிஞ்சு இருன்னு அவங்க என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லை. நானா குனிஞ்சு, அவங்க மேல பழியைப் போட்டேன்."

போன்ல குக்கர் விசில் ஒண்ணு கேட்டுச்சு.

"சித்தப்பா விஷயம் என்னைக்குத் தெரியும் உனக்கு?"

"நீ போன் பண்ணினதுக்கு முதல் நாள்."

"அப்ப நான் உன்கிட்ட சொன்னப்பவே தெரியுமா?" குரல் உடைஞ்சுது. "அம்மா, நான் அத்தைகிட்ட என்னென்ன பேசினேன் தெரியுமா? உன்கிட்ட சொன்னது பாதிதான். கல்யாணத்துல நடந்ததெல்லாம் இழுத்து... அத்தை, நான்..."

அழறான்னு தெரிஞ்சுச்சு. நான் தலையைத் தூக்கலை. என் வெக்கத்தை அவ தலைலயும் இறக்கி வச்சாச்சு.

சம்பந்தியம்மா போன் பக்கம் குனிஞ்சாங்க. "ஏம்மா, இங்க தூறல் போடுது. மொட்டை மாடில துணி கிடக்கு, எடுத்துட்டியா?"

"இல்லை அத்தை."

"போய் எடு. குக்கரையும் நிறுத்து. நான் வந்ததும் சாப்பிடலாம்."

"சரி அத்தை." மூக்கை உறிஞ்சற சத்தம். "சீக்கிரம் வாங்க."

போனை நானே வச்சேன். சம்பந்தியம்மா என் கைல பிளாஸ்திரி ஒட்டினாங்க. அப்புறம் அவங்க போனை எடுத்து, கண்ணாடியை நெத்தில ஏத்திவிட்டு கேமைத் தொறந்தாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு, பட்டனை அமுக்கப் போறாங்க, கொடி போயிடும். நெஞ்சு லேசாச்சு. அந்த லேசானதுக்கும் சேத்து வெக்கப்படணும்.

"நீலக்குண்டை இன்னைக்கே திருப்பிக் குடுத்துடுங்க"ன்னாங்க.

"குடுத்துடறேங்க. கூட ஒண்ணு சேத்துக்கூட..."

"வேண்டாம். என்னோடது போதும்." போனை மூடிப் பைல போட்டாங்க. "கொடி இருக்கட்டும், சம்பந்தி. எனக்கு இப்ப எடுக்கத் தோணலை."

என் மூஞ்சியை நேராப் பாத்துதான் சொன்னாங்க. கல்யாணம் பேசின நாள்ல இருந்து அவங்க எனக்கு ஒண்ணை முடியாதுன்னு சொன்னது அதுதான் முதல் தடவை. "சரிங்க"ன்னேன். சம்பந்தின்னு சேத்துச் சொல்ல வாய் வரலை. அவங்க பையை மாட்டிக்கிட்டு இறங்கினாங்க. ஒவ்வொரு மாடியா செருப்புச் சத்தம் குறைஞ்சுக்கிட்டே போச்சு. ரொம்ப நேரம் கழிச்சு வீட்டுக்காரர் மூணாவது பாக்கெட் பாலோட வந்தாரு.

அன்னைக்கே குரூப்ல எல்லாத்தையும் எழுதினேன், மூக்கு விஷயம் உட்பட. கொழுந்தனார் எதுக்கெடுத்தாலும் ஜோக் அடிக்கறவர், அதுக்கு ஒண்ணும் எழுதலை. மாப்பிள்ளை, "சரி அத்தை"ன்னு மட்டும் போட்டாரு. நீலக்குண்டை திருப்பிக் குடுத்துட்டேன். என் சுரங்கம் பாதிதான் ஓடுது. ஜனங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கு. காலைல டேபைத் தொறந்தா என் பேரு, பக்கத்துல மிளகா நிறத்துல அந்தக் கொடி. கடைக்கு வர்றவங்க எட்டிப் பாத்து, "என்னங்க அது, அழகா கொடி?"ன்னு கேட்டா, "ஒண்ணும் இல்லை, இடுப்பு எவ்வளவு வைக்கட்டும்?"னு கேப்பேன்.

போன புதன்கிழமை கடைல இருக்கேன், போன் அடிக்குது. பொண்ணுன்னு நினைச்சு எடுத்தா சம்பந்தியம்மா. நேரா என் நம்பருக்கு. எழுந்து நின்னுட்டேன்.

"ரிப்போர்ட் வந்திருக்கு. சக்கரை ஏறியிருக்கு."

"அப்படிங்களா."

"காலைல டீல எத்தனை ஸ்பூன் போட்டுக்கறீங்க?"

மேஜை மேல அப்பதான் போட்டு வச்ச டீ ஆவி பறக்குது. பக்கத்துலயே டேப். அதுல என் பேரு. ஒண்ணுன்னு சொல்ல நாக்கு தானா மடங்குச்சு. எத்தனை வருஷமா டாக்டர்கிட்டயும் பொண்ணுகிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க.

"மூணுங்க"ன்னேன்.

"ம்"னாங்க. "அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."